தளபாடத்துக்கு மரத்தின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் கட்டில், அலுமாரி செய்விப்போர் தேக்கா, முதிரையா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். தேக்கானாலும் ஓரத்து வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும். மரத்தின் நடுவே உள்ள கடினமான வைரப் பலகையாகக் கேளுங்கள். முதிரை நல்ல உறுதி, ஆனால் முதலில் துளையிடாமல் திருகாணி ஏற்றினால் வெடிக்கும். அலுமாரித் தட்டுக்கு வேம்பே போதும்.

பெரிய வினை ஈரப் பலகைதான். ஓர் அங்குலப் பலகையை நிழலில், இடையிடையே சட்டம் வைத்துக் காற்றோட அடுக்கி, ஏறக்குறைய ஒரு வருடம் உலர்த்த வேண்டும். ஈரப்பதன் 12 முதல் 15 வீதத்துக்கு இறங்காமல் அறுத்துப் பூட்டினால், வறண்ட கச்சான் காற்றில் மரம் சுருங்கிப் பொருத்து விட்டுப்போகும். வார்னிஷ் அதைத் தடுக்காது. கடலோர வீடுகளில் இரும்பாணி துருப்பிடித்துத் தேக்கையும் கறுப்பாக்கும். பித்தளைத் திருகாணி விலை கூடத்தான், அதையே போடுங்கள்.

தளபாடத் தச்சர்,
திருகோணமலை.