சொந்த ப்ராக்ஸி பற்றிக் கேட்டிருந்தாய்

அரவேணு, கோத்தகிரி

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் கிடைத்தது. பூண்டு எடுத்து முடித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. தேயிலை நன்றாகத் துளிர்த்து நிற்கிறது, பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தானே பேப்பர் படிக்கிறார், உன்னை விசாரித்தார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இலவச கிளவுட் சர்வரில் சொந்தமாக ப்ராக்ஸி வைத்துக்கொண்டால் மகளுக்குப் பயன்படுமா, யாருக்கும் தெரியாமல் நெட் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். கிளவுட் சர்வர் என்பது ஒரு கம்பெனி நெட் வழியே நமக்குத் தரும் கணினி. ப்ராக்ஸி என்பது நமக்குப் பதிலாகத் தளங்களுக்குப் போய் வரும் இடைத்தரகர். பயன்படும். யாருக்கும் தெரியாமல் என்பது மட்டும் நடக்காது. அந்த சர்வர் உன் பெயரில், உன் கார்டு கொடுத்துத் திறந்த கணக்கில் இருக்கும். மொபைல் டேட்டாவில் போகும்போது, நெட்டில் நம்மை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி ஒன்றையே பல பேர் பகிர்ந்துகொள்கிறோம். கிளவுட் சர்வரின் முகவரியோ உனக்கு மட்டுமே உரியது. போகிற இடத்திலெல்லாம் அது உன்னைத்தான் காட்டும். போதாததற்கு, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, விபிஎன்னும் (நம் போக்குவரத்தைப் பூட்டி வேறு சர்வர் வழியே அனுப்பும் சேவை) கிளவுடும் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது.

பின் நான் ஏன் வைத்திருக்கிறேன்? மாறாத முகவரிக்காகத்தான். நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் கோவைக் கம்பெனியின் சர்வர், அவர்கள் பட்டியலில் இருக்கும் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே திறக்கும். இந்த மலையில் மொபைல் டேட்டா ஒவ்வொரு முறையும் வேறு முகவரி தருகிறது. இப்போது எங்கிருந்து வேலை செய்தாலும் எல்லாம் என் ப்ராக்ஸி வழியே ஒரே முகவரியாகப் போய்ச் சேர்கிறது. இரண்டாவது காரணம் லாட்ஜ் வைஃபை. நாம் பார்க்கும் பக்கத்தில் உள்ளதை தளங்கள் போடும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு ஏற்கெனவே மறைத்துவிடுகிறது. ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது அந்த வைஃபை நடத்துகிறவருக்குத் தெரியும். ப்ராக்ஸி இருந்தால் என் சர்வர் முகவரி ஒன்றுதான் அவர் கண்ணில் படும். பார்க்கக்கூடியவர் லாட்ஜ்காரரிலிருந்து கிளவுட் கம்பெனிக்கு மாறுகிறார், அவ்வளவுதான். இதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடு.

ஆரக்கிள் என்ற கிளவுட் கம்பெனியின் ‘ஆல்வேஸ் ஃப்ரீ’ என்ற இலவச வகையில் சின்ன இயந்திரம் ஒன்று எடுத்தால் போதும். 1 ஜிபி ரேம்தான், ஆனால் ப்ராக்ஸிக்கு அது தாராளம். கணக்குத் திறக்கக் கார்டு கேட்பார்கள், சரிபார்க்க ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்து விடுவிப்பார்கள். சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதற்கு ‘ஹோம் ரீஜன்’ என்று ஒன்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதை அப்புறம் மாற்றவே முடியாது. மும்பை, ஐதராபாத் இரண்டும் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை எடு. இன்னொரு விஷயம், இயந்திரம் ஏழு நாள் வேலையே இல்லாமல் கிடந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் அதில் எதையும் ஒரே பிரதியாக வைக்காதே.

ப்ராக்ஸி என்றதும் பலர் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளைப் போட்டு 3128 போர்ட்டை (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) ஊருக்கே திறந்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதே. திறந்து கிடக்கும் ப்ராக்ஸியைத் தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் நிரல்கள் உண்டு. அவற்றை ஓட்டுகிறவர்கள் உன் முகவரியிலிருந்து ஸ்பாம் அனுப்பினால் கேள்வி உன்னிடம்தான் வரும். தூரத்து சர்வருக்குள் பூட்டிய வழியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஒன்றே போதும், புதிதாக எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். லேப்டாப்பில் எஸ்எஸ்எச் கட்டளையோடு ‘-D 1080’ (பெரிய எழுத்து D) என்று சேர்த்துக் கொடுத்தால், உன் லேப்டாப்பின் 1080-லேயே சாக்ஸ் என்ற வகை ப்ராக்ஸி ஒன்று எழுந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் நெட்வொர்க் செட்டிங்ஸ் போய், சாக்ஸ் ஹோஸ்ட் 127.0.0.1 (அது உன் லேப்டாப்பேதான்), போர்ட் 1080, வெர்ஷன் 5 என்று போடு. அங்கேயே, தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ்ஸையும் ப்ராக்ஸி வழியே அனுப்பும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் டிக் செய்யாவிட்டால் தளங்களின் பெயரைக் கேட்பது மட்டும் பழைய வழியிலேயே லாட்ஜ்காரர் முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்ட் வேண்டாம், லேப்டாப்பில் உருவாக்கி வைத்துக்கொள்ளும் சாவிக் கோப்பு மட்டும். பாஸ்வேர்ட் வழி அடைத்திருக்கிறதா என்று நீயே ஒருமுறை பார்த்துவிடு. சர்வர் எழுந்த அன்றே அதன் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று எங்கெங்கிருந்தோ யார் யாரோ பெயர் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வரி வரியாகத் திரை ஓடியது. சாவி மட்டும்தான் என்று இருந்ததால் ஒருவரும் உள்ளே வரவில்லை.

போனுக்கும் வேண்டுமென்றால் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் நல்லது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சாவி இல்லாமல் வரும் எதற்கும் அது பதிலே சொல்லாது. அதற்கு யுடிபி வகை போர்ட் 51820-ஐத் திறக்க வேண்டும், இரண்டு இடத்தில்: கிளவுட் பக்கத்தின் செக்யூரிட்டி லிஸ்ட்டிலும், இயந்திரத்துக்குள் இருக்கும் ஐபிடேபிள்ஸ் என்ற தடுப்புச் சுவரிலும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

‘இலவச விபிஎன்’ என்று வரும் ஆப்களைப் பிள்ளைகள் போனில் ஏற்ற விடாதே. ஹோலா என்ற ஆப் தன்னைப் பயன்படுத்துகிறவர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015-இல் வெளியே வந்தது. நாம் பணம் கொடுக்காத இடத்தில் நம் இணைப்பே சரக்காகிவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய கவலை.

இதனால் நெட் வேகம் கூடாது. கோவை சர்வருக்குப் போகவும் மும்பை சுற்றித்தான் போகும். படம் பார்க்கும் தளங்கள் சில கிளவுட் முகவரி என்றாலே கதவை மூடிவிடும், அப்போது அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். காற்றில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் ப்ராக்ஸியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பூம்பாறையில் உங்களுக்கும் இதே கதைதானே.

என் சர்வரிலேயே மகளுக்கு ஒரு கணக்குப் போட்டுத் தர முடியும். ஆனால் அவள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியக்கூடிய நிலை வந்துவிடும், அது சரியில்லை. அவள் பெயரிலேயே தனியாகத் திறக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிடச் சொல், போனிலேயே கூட இருந்து முடித்துக் கொடுக்கிறேன். சாவி உருவாக்கியதும் இரண்டு கோப்பு வரும், ‘.pub’ என்று முடியும் கோப்பைத்தான் சர்வரில் போட வேண்டும். மற்றது ரகசியச் சாவி, அதை எனக்குக்கூட அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
சேகர்