எந்த லினக்ஸ் என்று கேட்ட வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மொழிபெயர்ப்பு வேலையை மறுபடியும் கையில் எடுக்கப் போகிறாய் என்பதில் இரட்டிப்பு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது, அதுவே போதும்.

சரி, கணினி விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 11-க்கு மாற முடியாது என்று திரையில் வருவதாக எழுதியிருந்தாய். அது பழுது இல்லை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. உன் மடிக்கணினி அதற்கு முந்தையது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடுகிற கருவியை இதற்காகத் தூக்கிப் போடுவது எனக்கு ஒப்பவே இல்லை. அதனால் நீ விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் வர நினைத்ததைக் கேட்டு மனம் நிறைந்தது.

அண்ணன் மகன் ஆர்ச் என்கிறான், தோழி உபுண்டு என்கிறாள், இன்னொருவர் ஃப்ரீபிஎஸ்டி என்கிறார், நீ குழம்பிப் போயிருக்கிறாய். அவரவருக்கு அது பொருந்தியிருக்கிறது, அதனால் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், 'எது சிறந்தது' என்று பார்க்காதே. உன் கணினி எவ்வளவு அடிக்கடி மாறினால் உனக்குத் தொந்தரவு இருக்காது என்று பார். லினக்ஸ் வகைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே கெர்னல்தான், அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் மையப் பகுதி. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் எதிலும் கிடைக்கும். அவற்றை யார் தொகுத்துத் தருகிறார்கள், புதிய பதிப்புகளை எந்த வேகத்தில் தருகிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. புதியது வர வர உள்ளே வந்துகொண்டே இருக்கும். சில சமயம் அப்டேட் போடும் முன் அவர்களுடைய அறிவிப்பைப் படித்து நாமே கையால் ஏதாவது மாற்ற வேண்டியிருக்கும். அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது சுகம். பதிப்பகம் கெடு வைத்திருக்கும் வாரத்தில் உனக்கு அது வேண்டாம். ஃபெடோரா அழகானது, ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுள். வருடத்துக்கு ஒருமுறையாவது முழுசாக மேம்படுத்தியாக வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸே இல்லை, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் பெர்க்லி பல்கலைக்கழக வடிவத்தின் வழியில் வந்தது. சர்வர்களுக்கு அருமையானது. ஆனால் நிறுவி முடித்ததும் வழக்கமாக நம் முன்னால் நிற்பது கறுப்புத் திரையும் கட்டளை வரியும்தான். மடிக்கணினியின் வைஃபைக்கும் தூக்க நிலைக்கும் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கும்.

மீதி இருப்பவை டெபியன், உபுண்டு, மின்ட். நான் பயன்படுத்துவது டெபியன். 1993-இலிருந்து எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஐந்து ஆண்டு தாங்கும். ஆனால் அதில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் வடிவில் வருகிறது, அதாவது தனக்குத் தேவையானவற்றையெல்லாம் ஒரே பொதியில் கட்டிக்கொண்டு வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க நேரம் எடுக்கும்.

உனக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். உபுண்டு எல்டிஎஸ் மேல் கட்டப்பட்டது, ஸ்நாப் இல்லாமல் வருகிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. சின்னமன் என்ற முகப்பில் (திரையின் தோற்றமும் மெனுவும் தருவது) மெனு கீழே இடது மூலையில் இருக்கும், விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. நினைவகம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்பு உள்ள பதிப்பை எடு. டைம்ஷிஃப்ட் என்ற கருவியும் கூடவே வருகிறது. அதை முதல் நாளே முடுக்கிவிடு. ஏதாவது அப்டேட் கணினியைக் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஒன்று மட்டும் நினைவில் வை: அது கணினியின் கோப்புகளைத்தான் காப்பாற்றும், உன் மொழிபெயர்ப்புகளை அல்ல. அவற்றுக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்க் வேண்டும்.

உடனே நிறுவிவிடாதே. பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கு. டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு மின்ட்டும் ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் விசையில் கூடிக் குறைகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பார். பிறகு மூடியைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திற. திரை திரும்ப வந்து வைஃபையும் தானாகச் சேர்ந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் சிக்குவது இந்த இடத்தில்தான்.

உன் வேலைக்கு இன்னும் இரண்டு சங்கதிகள். ஐபஸ் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும். ஆனால் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் நீ தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோப்புகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லை. அந்த எழுத்துருக் கோப்புகளையும் விண்டோஸிலிருந்து மறக்காமல் நகலெடுத்துக்கொள், இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும். திருத்த வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து மறுபடி எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகத்துக்கு ஒமேகாடி என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் திறந்த மூலம்தான், லினக்ஸில் ஓடும். பதிப்பகத்தின் வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். திருத்தக் குறிப்புகளும் பெரும்பாலும் சரியாகவே வரும், ஆனால் பக்க அமைப்பு அங்கங்கே நகரலாம். ஒரு பழைய கோப்பை வைத்துச் சோதித்துவிடு.

அப்புறம், உள்ளே இருப்பது இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால் முதலில் அதை எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் பாகம் இல்லாத சேமிப்புக் கருவியாக மாற்று. எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

மடிக்கணினியின் மாடல் எண் அடியில் ஒட்டியிருக்கும். அதை எழுதி அனுப்பு, வைஃபை அட்டைக்கு ஏதாவது சிக்கல் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறேன். நிறுவும் நாளில் கூப்பிடு, முடியும் வரை போனிலேயே இருக்கிறேன்.

அன்புடன்,
கலா