இன்டர்னல் 40, செமஸ்டர் 60: பாஸ் கணக்கு

நண்பர்களே, நம் பேட்ச் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் வருகிறது. தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. பழைய 2017 விதிமுறையில் அது 20-80, அந்தக் கணக்கை வைத்துக் குழம்ப வேண்டாம்.

பாஸ் ஆக மொத்தம் 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தாளில் மட்டும் நூற்றுக்கு 45 எடுத்தே ஆக வேண்டும். இன்டர்னலில் முழு 40 இருந்தாலும் தாளில் 44 என்றால் அரியர்தான். நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

தாளை நூற்றுக்குத் திருத்தி அறுபதுக்கு மாற்றுவார்கள்; அப்படி தாளில் 45 என்பது அறுபதுக்கு 27. அதனால் இன்டர்னல் 23 இருந்தால் 45 போதும். 14 மட்டும் இருந்தால் தாளில் 60 எடுக்க வேண்டியிருக்கும். லேப் சேர்ந்த தியரிக்கு 50-50.

அடுத்த இன்டர்னல் தேர்வை யாரும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.