மான் ஏன் மெதுவாக ஓடுகிறது?

அன்புள்ள தமிழினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன வாரம் கவின் போனில், "சிவிங்கிப்புலி துரத்தினா மான் தப்பிக்கவே முடியாதா தாத்தா?" என்று கேட்டான். போனில் சொன்னால் பாதியிலேயே விளையாட ஓடிவிடுவான். ராத்திரி படுக்கும்போது இதை அவனுக்கு நிதானமாகப் படித்துக் காட்டம்மா.

உடல் பலத்தை மட்டும் பார்த்தால் மானுக்கு வாய்ப்பே இல்லை. லண்டனில் ராயல் வெட்டரினரி காலேஜைச் சேர்ந்த ஆலன் வில்சனின் குழு, போட்ஸ்வானா காட்டில் சிவிங்கிப்புலிகளின் கழுத்தில் கருவிப்பட்டை மாட்டி ஓட்டத்தை அளந்தது. 2013-ல் வந்த அந்த ஆய்வில் பதிவான உச்ச வேகம் மணிக்கு 93 கி.மீ. எனக்கு வியப்பு அந்த எண்ணில் இல்லை. பெரும்பாலான வேட்டைகளில் அவை அந்த வேகத்தின் பக்கமே போகவில்லை. சராசரியாக 50 கி.மீ.யைச் சற்றுத் தாண்டியதோடு சரி. சட்டென்று வேகமெடுப்பதும் சட்டென்று நிறுத்தித் திரும்புவதும்தான் அதன் பலம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஓட்ட வீரர் உசேன் போல்ட் வெளிப்படுத்திய ஆற்றலைப் போல நான்கு மடங்குக்கும் மேல் அதனிடம் இருக்கிறது. முழுதாக உள்ளே போகாத நகங்கள் தரையைக் கவ்விப் பிடிக்கின்றன. இவ்வளவும் இருந்தும், நான்கு துரத்தலுக்கு ஏறக்குறைய ஒன்றில்தான் அதற்கு இரை கிடைத்தது.

மிச்ச மூன்றில் என்ன ஆகிறது என்பதைத்தான் கவினுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அதே குழு 2018-ல் சிவிங்கிப்புலியையும் அது துரத்தும் இம்பாலா மானையும், கூடவே சிங்கத்தையும் வரிக்குதிரையையும் ஒப்பிட்டது. வேட்டையாடும் விலங்குக்குத் தசையின் ஆற்றல் 20 சதவீதம் கூடுதல். வேகமெடுப்பதில் 37 சதவீதம், வேகத்தைக் குறைப்பதில் 72 சதவீதம் கூடுதல். எல்லாக் கணக்கிலும் மான் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆனால் எப்போது திரும்புவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முடிவு செய்வது மான்தான். துரத்தும் விலங்கு அதைப் பார்த்த பிறகுதான் திரும்ப முடியும்.

முழு வேகத்தில் நேராக ஓடினால் அடுத்து எங்கே இருக்கும் என்பது துரத்தும் விலங்குக்குத் தெரிந்துபோகும், சட்டென்று வளையவும் முடியாது. அதனால் மான் தன் வேகத்தைக் கொஞ்சம் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. பின்னால் வருவது ஓரிரு தாவல் தூரத்தில் நெருங்கும்வரை பொறுத்து, அப்போது வெட்டித் திரும்புகிறது. நீ பள்ளியில் கபடி ஆடும்போது, கை எட்டப்போகும் கணம்வரை நின்று விலகுவாயே, அதுபோல. உயிர் போகிற நேரத்தில் அவ்வளவு நிதானம்! எனக்கு அந்த மான்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சிவிங்கிப்புலியைக் கெட்டதாகவும் அவன் நினைக்க வேண்டாம். அது சராசரியாக ஓடியது வெறும் 173 மீட்டர். அதற்குள் பிடித்தால்தான் உண்டு. பிடித்த இரையையும் சிங்கமோ கழுதைப்புலியோ வந்து பறித்துக்கொள்வதுண்டு. ஓடுவதற்கென்றே மெலிந்த உடம்பை வைத்துக்கொண்டு அவற்றோடு சண்டை போட முடியுமா, பாவம்.

நம் வல்லநாட்டுக் குன்றில் இருக்கும் வெளிமானும் லேசுப்பட்டதல்ல. மணிக்கு 80 கி.மீ. வரை ஓடும். முகலாய அரசர்கள் பழக்கிய சிவிங்கிப்புலிகளை ஏவி வேட்டையாடியது இந்த இனத்தைத்தான். இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-ல் அறிவித்தார்கள். பிறகு 2022-ல்தான் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டார்கள்.

காலாண்டு விடுமுறைக்கு நீங்கள் வரும்போது கவினை வல்லநாட்டுக்குக் கூட்டிப்போகிறேன். விடியும் முன்பே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் மான்கள் புதர் நிழலுக்குள் போய்விடும். அவனுக்கு ஒரு தொப்பி மட்டும் வாங்கி வை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா