சன்டெக்கில் ஐந்து நாள்: தாமதமாக ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மாஸ்டருக்கும், அந்த ஐந்து நாளும் எனக்குத் துணை நின்ற எல்லோருக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை எங்கள் சமூக மன்றத்தில் மாஸ்டருக்கு விடைகொடுத்தோம். இத்தனை வருடமாக அவர் நடத்திய டேக்வாண்டோ (உதைகளை முக்கியமாகக் கொண்ட கொரியத் தற்காப்புக் கலை) வகுப்பு இனி கிடையாது. பழைய மாணவனின் அம்மா என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கி "நன்றி மாஸ்டர்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வீடு திரும்பியதிலிருந்து மனது ஆறவில்லை, அதனால் இந்த மடல். மாஸ்டருக்கு மட்டுமல்ல, 2010 ஆகஸ்டில் எனக்கு உதவிய யாருக்குமே நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை.

அந்த ஆகஸ்டில்தான் முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டிகள் நம் சிங்கப்பூரில் நடந்தன. 14ஆம் தேதி தொடக்கம், 26ஆம் தேதி நிறைவு. இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 3,600 பிள்ளைகள் வந்தார்கள். டேக்வாண்டோ, 15ஆம் தேதி முதல் 19ஆம் தேதி வரை சன்டெக் மாநாட்டு மண்டபத்தில். பையன்களுக்கு ஐந்து எடைப் பிரிவு, பெண்களுக்கு ஐந்து.

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மஞ்சள் பட்டை. புளோக்குக்குக் கீழே "ஹானா, துல், செட்" என்று கொரிய மொழியில் எண்ணிக்கொண்டு தூணை உதைத்துக்கொண்டிருப்பான். நான் கல்யாணமாகிப் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வங்கியில், கிளினிக்கில் ஆங்கிலத்தில் பேச வேண்டுமென்றால் கணவரைத்தான் முன்னால் அனுப்புவேன். அப்படிப்பட்டவளிடம் மாஸ்டர் தொண்டூழியர் படிவத்தை நீட்டினார். எனக்கு ஆங்கிலம் சரியாக வராது என்றேன். "அங்கே வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கும் வராது தங்கச்சி. அவர்கள் படும் பாடு உனக்குத்தான் புரியும்" என்றார். இன்றுவரை என்னை யாரும் அவ்வளவு பெரிய வார்த்தை சொல்லி நம்பியதில்லை.

நம்பியதோடு நிற்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு எனக்கென்று தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நீலக் கவசம் அணிபவர் சுங், சிவப்பு அணிபவர் ஹோங். நடுவர் "சிஜாக்" என்றால் தொடங்கு, "கல்யோ" என்றால் பிரி, "கெசொக்" என்றால் தொடர், "குமான்" என்றால் முடிந்தது. மார்பில் படும் உதையைவிடத் தலையில் படும் உதைக்கு ஏன் அதிகப் புள்ளி என்று கையை வைத்து விளக்கினார். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையின் பாதத்தை முதலில் பார், எதிராளியின் முழங்கையில் மோதிப் புறங்கால் வீங்கியிருக்கும், பனிக்கட்டி தயாராக இருக்கட்டும் என்றார். எடை பார்க்கும் வரை வயிற்றைக் கட்டியிருப்பார்கள், அந்த நேரத்தில் முகம் சுளித்தால் தப்பாக எடுக்காதே என்றும் சொன்னார். அத்தனையும் அந்த ஐந்து நாளில் அப்படியே கண்முன்னால் நடந்தது.

என் மாமியாருக்கு. அத்தை, நீங்கள் அந்த வாரம் முழுவதும் பையனுக்குச் சமைத்து, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, ஒரு நாள்கூட "இது என்ன வேலை, சம்பளமும் இல்லாமல்" என்று கேட்கவில்லை. விடிவதற்கு முன் நான் கிளம்பும்போது ஃபிளாஸ்க்கில் காப்பி ஊற்றி வைத்திருப்பீர்கள். ஈசூனில் ரயில் ஏறி, பீஷானில் மாறி, புரோமனாட் போய் இறங்கும் வரை அந்தச் சூடு மடியில் இருக்கும். நீங்கள் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், என்னோடு பணியில் நின்ற மலாய் மக்சிக்குக்கு (வயதில் மூத்த பெண்ணை மலாயில் அப்படித்தான் அழைப்போம்). அது நோன்பு மாதம். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தீர்கள். முதல் நாள் சைவப் பொட்டலம் எனக்கு வந்து சேரவில்லை. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. நீங்களே கவனித்து, இரண்டு தளம் இறங்கிப் போய் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வந்தீர்கள். பட்டினியாக இருப்பவர் கையால் வாங்கிச் சாப்பிட்ட அந்த ரொட்டியை நான் மறக்க மாட்டேன்.

அன்றைக்கு மாலை மாஸ்டர் வகுப்புப் பிள்ளைகளை ஆட்டம் பார்க்கக் கூட்டி வந்திருந்தார். பையன்களின் 48 கிலோ இறுதிச் சுற்று நடக்கவே இல்லை. ஈரான் வீரர் காயத்தால் வரவில்லை என்றார்கள். தங்கம் இஸ்ரேல் வீரருக்குப் போனது. வெளியே அதைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளோ சண்டையைப் பார்க்க முடியவில்லையே என்று வாடிப்போனார்கள். மாஸ்டர் சொன்னது ஒன்றே ஒன்று: "வந்து நிற்கிறவனுக்குக் கைதட்டுங்கள். வராதவனைப் பற்றி நமக்குத் தெரியாததைப் பேச வேண்டாம்." பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் பணியிடம் ஆட்டக்களத்திலிருந்து வெளியே வரும் வழி. அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. தோற்றால் வெளியே போக வேண்டிய போட்டி இது. காலையில் பத்து மணிக்கு முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளைக்கு அதோடு எல்லாம் முடிந்தது. மூன்று சுற்றுக்காக எத்தனை வருடப் பயிற்சி, எத்தனை மணி நேர விமானம்! ஆனால் போட்டி முடிந்தாலும் ஊருக்குப் போக முடியாது. நன்யாங் பல்கலைக்கழகத்தில் இருந்த விளையாட்டாளர் கிராமத்தில் கடைசி நாள் வரை எல்லோரும் தங்க வேண்டும் என்பது அந்தப் போட்டிகளின் ஏற்பாடு.

இரண்டாம் நாள் ஒரு பெண் பிள்ளை, பதினாறு வயது இருக்கும், வெளியே வந்ததும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு மனது கேட்கவில்லை. குனிந்து ஏதாவது சொல்லித் தேற்றப் போனேன். அப்போது எங்கள் குழுவில் இருந்த சீன அங்கிள் என் தோளை லேசாகத் தொட்டு நிறுத்தினார். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "பேசாதே. தண்ணீரை அவள் கை எட்டும் இடத்தில் வை. உன் காலணி அவள் கண்ணில் படும் தூரத்தில் உட்கார். அவ்வளவுதான்" என்றார். அப்படியே செய்தேன். ஏறக்குறைய அரை மணி நேரம். முதலில் தண்ணீரை எடுத்தாள். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றினாள். பிறகு வீங்கியிருந்த பாதத்தை என் பக்கம் நீட்டினாள். பனிக்கட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு பேரும்.

மறுநாள் அவள் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து வேறு நாட்டுப் பிள்ளைக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, இடுப்பை வளைத்து வணங்கினாள். கடைசி நாளன்று தன் நாட்டுச் சின்னத்தை என் சட்டையில் குத்திவிட்டுப் போனாள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த மண்டபத்தில் வெற்றிகளும் பார்த்தேன். நம் டேரல் டான் வெண்கலம் வாங்கியபோது கூரை அதிர்ந்தது. பெண்கள் 55 கிலோவில் தங்கம் வாங்கிய பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸ், 2012இல் லண்டனிலும் 2016இல் ரியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். தொலைக்காட்சியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மகன் "அம்மா, உன் ஆள்!" என்று கத்துவான். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் சன்டெக் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சுவரோரம் உட்கார்ந்த அந்தப் பிள்ளைதான்.

நான்கு வருடம் கழித்து என் மகன் ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வந்தான். கணவர் பதறிப்போய்ப் பேச வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தண்ணீர் போத்தலை அவன் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, என் செருப்பு அவன் கண்ணில் படும்படி உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து "அம்மா, பசிக்கிறது" என்றான். அங்கிள், அந்த இருபது நிமிடம் நீங்கள் கொடுத்தது.

மாஸ்டர், அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள். என் மகனும் இருப்பான், வயது இருபத்து நான்கு ஆகிவிட்டது. மேடையில் சொல்ல முடியாததை நேரில் சொல்லப் பார்க்கிறேன்.

அங்கிளின் முழுப் பெயரோ தொலைபேசி எண்ணோ நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 2010இல் சன்டெக் டேக்வாண்டோ மண்டபத்தில் தொண்டூழியராக இருந்த, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். யாருக்காவது அவரைத் தெரிந்தால் இந்த மடலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழ் அவருக்குத் தெரியாது. சீனத்திலோ ஆங்கிலத்திலோ எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியர்