டம்ளர் காபி 35 ரூபாய்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணி பெரிய தெருவில் நம் கடைக்கு வந்துபோகும் எல்லோர் கண்ணிலும் போன வாரம் மாற்றிய விலைப்பலகை பட்டிருக்கும். 25 ரூபாயாக இருந்த டம்ளர் காபி இப்போது 35 ரூபாய். பார்த்ததும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒன்றும் சொல்லாமல் பத்து ரூபாயைச் சேர்த்து நீட்டியவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பலகையின் படம் இப்போது கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. “பாதிக்குப் பாதி சிக்கரி, இதற்கு 35 ரூபாயா?” என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். விலை அதிகம் என்று மட்டும் எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். காசு கொடுக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. சிக்கரியைச் சொன்னதுதான் முள்ளாகத் தைத்துவிட்டது.

என் அப்பா ஓர் அரவை இயந்திரத்தோடு இந்தக் கடையைத் தொடங்கிய நாளிலிருந்து நம் கலவை எண்பது பங்கு காபிக்கு இருபது பங்கு சிக்கரிதான். எண்பதை நாலாக்கினால் மூன்று பங்கு சிக்கமகளூருவின் பிளான்டேஷன் ஏ என்ற தரக் கொட்டை, ஒரு பங்கு ஏற்காட்டுப் பீபெரி என்ற உருண்டைக் கொட்டை. சிக்கரி சேர்ப்பதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. அது குஜராத்திலிருந்து வரும் ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும். அளவோடு இருந்தால் நம் ஊர்ப் பால் காபிக்கு அது வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கலவைத் தூளில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும், அளவைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம். அதாவது 49 வரை சிக்கரி போட யாருக்கும் தடையில்லை. கொட்டை விலை ஏறிய இந்த இரண்டு வருடத்தில் 80-ஐ 60 ஆக்கியிருந்தால் விலைப்பலகையைத் தொடவே வேண்டியிருக்காது. கெட்டியாக இருக்கிறதே என்று சிலர் பாராட்டியும் இருப்பார்கள். நான் அதைச் செய்யவில்லை.

சொல்லை நம்ப வேண்டாம், தண்ணீரை நம்புங்கள். கல்லாப்பெட்டி அருகே ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவிப் பாருங்கள். காபி மிதக்கும். சிக்கரி சற்று நேரத்தில் ஊறிக் கனத்து, பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடிக்கு இறங்கும். நம் தூளில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பெரும்பகுதி மேலேயே நிற்கும். பாதிக்குப் பாதி கலந்த தூள் எப்படி இறங்கும் என்பதைப் பக்கத்து டம்ளரில் நானே காட்டுகிறேன்.

இனி விலைக்கு வருகிறேன். வியட்நாமில் வறட்சி, அதன்பின் பிரேசிலில் வறட்சி. நியூயார்க் சந்தையில் அராபிகா ரகக் காபி 1977-இல் தொட்ட உச்சத்தையும் தாண்டி, 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. அங்கே ஏறினால் ஏற்காட்டில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி கப்பலேறிப் போகிறது. வெளியில் கிடைக்கும் விலையைத்தான் தோட்டக்காரர் நம்மிடமும் கேட்பார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. 2001, 2002 வாக்கில் விலை பாதாளத்துக்குப் போனபோது, பழம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னவர்கள் அவர்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் 820 கிராம்தான் தேறுகிறது. தூளாகி வரும்போது எங்களுக்குக் கிலோ 650 ரூபாய் அடங்கியது, இப்போது 1,000 ஆகிறது. டம்ளருக்கு 12 கிராம் போடுகிறோம், அது 12 ரூபாய். பால் ஐந்தரை. சர்க்கரையும் கேஸும் இரண்டு. சம்பளமும் வாடகையும் ஒரு டம்ளர் மீது ஒன்பது ரூபாயாக விழுகின்றன. மிஞ்சுவது ஆறரை ரூபாய். இது கொள்ளை லாபமா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன்.

பதினான்கு வருடம் டிகாக்ஷன் இறக்கிய நம் மாஸ்டர் சித்திரையில் ஊரோடு போய்விட்டார். விடியற்காலை நாலு மணிக்குக் கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, ஃபில்டரில் சுற்றிச் சுற்றி ஊற்றுவார். சொட்டு இறங்கி முடியும் வரை யாரையும் அதைத் தொட விடமாட்டார். அந்தக் கைப்பக்குவம் புதியவர்களுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் சில காலை காபி நீர்த்துப் போனது உண்மை. பொறுத்துக்கொண்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பழைய டபரா செட்டுகள் நசுங்கிவிட்டதால் புதிது வாங்கியிருக்கிறோம். இவை 20 மில்லி குறைவாகப் பிடிக்கும், டிகாக்ஷன் அளவு அதேதான்.

என்னை இந்த மடல் எழுத வைத்தது வேறொரு காட்சி. கோயிலுக்குப் போய்விட்டு ஆறரைக்கு வந்து, அரைச் சர்க்கரை கேட்டு, நின்றபடியே குடிக்கும் பெரியவர் ஒருவர். விலை மாற்றிய அன்று பலகையை ஒருமுறை பார்த்தார். உள்ளங்கையிலிருந்த சில்லறையை எண்ணினார். திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். நான் கல்லாவை விட்டு எழுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். ஐயா, உங்களுக்கு என்றும் பழைய விலைதான். நாளைக் காலை வாருங்கள்.

மேன்ஷன்களில் தங்கி வேலை தேடும் தம்பிகளுக்கும் பத்து ரூபாய் சின்னத் தொகை இல்லை என்று தெரியும். 30 டம்ளருக்கு 840 ரூபாய் என்று மாதக் கூப்பன் போட்டிருக்கிறோம். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் வாரம் 210 ஆகக் கொடுக்கலாம்.

வெள்ளத்தின்போது முழங்கால் தண்ணீரில் வந்து குடித்தவர்களையும், ஊரடங்கு முடிந்து கடை திறந்த அன்று வாசலில் காத்து நின்றவர்களையும் நான் மறக்கவில்லை. உங்களால்தான் இந்த அடுப்பு எரிகிறது.

வறுப்பு செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு. சந்தேகம் உள்ளவர்கள் உள்ளே வந்து மூட்டையைப் பிரித்தே பார்க்கலாம்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்