பென்சிலால் எழுதிய அந்தத் துண்டுகளுக்கு நன்றி

துணியும் வால்பேப்பரும் அச்சிடும் எங்கள் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இன்று காலை முதல் லாட் துணி (ஒரே தடவையில் அச்சிடும் தொகுதி) மீண்டும் அச்சு மேசை ஏறியது. அந்தச் சாயம் காய்வதற்குள் இதை எழுதிவிட நினைக்கிறோம்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அச்சு மேசை அண்ணனுக்குத்தான் முதல் நன்றி.

அண்ணா, ஒவ்வொரு லாட் முடியும்போதும் கடைசியில் ஒரு சாண் துணி வெட்டி, பின்பக்கம் குறிப்பெழுதி, தகரப் பெட்டியில் போட்டுவைத்தீர்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. தண்ணீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒன்றில் இப்படி இருந்தது: “கிலோவுக்கு நீலம் 18 கிராம், கறுப்பு 2, பைண்டர் 150. இரண்டு இழுப்பு. 150 டிகிரி, 4 நிமிடம். மழை நாள், காய நேரமானது.” பைண்டர் என்பது நிறத்தைத் துணியில் பிடித்துவைக்கும் பசை, இழுப்பு என்பது ஸ்கிரீன் மேல் கலவையை ஒருமுறை இழுத்துவிடுவது, டிகிரி கணக்கு நிறம் நிலைக்கக் கொடுக்கும் சூடு. பேனா மையாக இருந்தால் கரைந்து ஓடியிருக்கும். பென்சில் கரி நீரில் கரைவதில்லை. ஒரு எழுத்துகூட அழியவில்லை.

இதன் அருமை தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். டிசைன் போனால் மூலப் படத்தைப் பார்த்து மறுபடி வரைந்துவிடலாம், ஸ்கிரீனையும் (டிசைனை அச்சிடும் வலைச்சட்டம்) புதிதாக எடுத்துவிடலாம். ஷேடு, அதாவது நிறத்தின் துல்லியமான சாயல், போனால் போனதுதான். ஒரே கலவை பருத்தித் துணியில் உள்ளே இறங்கி மங்கும், காகிதத்தில் மேலேயே நின்று பளிச்சென்று தெரியும். அதனால் திரைச்சீலைக்கும் அதே டிசைன் வால்பேப்பருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். கண்ணளவில் பார்த்துக் கலந்தால் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும், மஞ்சள் விளக்கு போட்டதும் ஒன்று சிவந்து நிற்கும். எந்த நீலத்தோடு எந்தக் கறுப்பு சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அதைத் தவிர்க்க முடியும். பழைய சுவருக்கு இன்னும் இரண்டு ரோல் கேட்டு வருகிறவர்களுக்கு, ஷேடு இம்மி பிசகினாலும் இணைப்புக் கோட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓவியர் தொடங்கிய நிறுவனம் இது. ஓவியரின் தூரிகைக்கு அளவு கிடையாது, இயந்திரத்துக்கு உண்டு. கைமேசையிலிருந்து 64 செ.மீ. சுற்றளவுள்ள உருளை ஸ்கிரீனுக்கு மாறியபோது, கீழே முடியும் கொடி மேலே தொடங்கும் கொடியோடு சேரும்படி பழைய டிசைன்களை எல்லாம் திருத்தி வரைய வேண்டியிருந்தது. 12 நிறம் 8 ஆனது. எந்த நாலை விடலாம் என்று சொன்னதும் நீங்கள்தான்: ஒரு நிறம் இன்னொன்றின் மேலே விழுந்து கலக்கும்போது தானாகப் பிறக்கும் நிறத்துக்குத் தனி ஸ்கிரீன் எதற்கு என்றீர்கள்.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1862-இல் தன் முதல் வால்பேப்பர் டிசைனை வரைந்தார். துத்தநாகத் தகட்டில் தானே அச்சிட முயன்று, சரிவராமல், ஜெஃப்ரி என்ற வால்பேப்பர் அச்சு நிறுவனத்தின் கைகளில் ஒப்படைத்தார். சாயம் கற்க 1875-இல் இங்கிலாந்தின் லீக் நகரில் தாமஸ் வார்டிலின் சாயப் பட்டறைக்குப் போனார். எங்களுக்கு அந்தப் பட்டறை நீங்கள்.

மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கிரீன்களைச் சட்டத்தோடு தூக்கிவந்து நிழலில் உலர்த்தியவர்கள், மாதிரிப் புத்தகங்களைத் திருப்பித் தந்த வாடிக்கையாளர்கள், பசை தடவிய ஒவ்வொரு தாளையும் ஒரே நேர அளவு ஊறவிட்டு ஒட்டிக்காட்டியவர்கள். ஒன்று 5 நிமிடமும் அடுத்தது 10 நிமிடமும் ஊறினால் தாளின் அகலம் மாறிப் பூ பொருந்தாது. ஓர் ஒட்டுநர் எங்கள் ரோல் கணக்கையே திருத்திக் கொடுத்தார். 2.3 மீட்டர் சுவருக்கு, வெட்டுக்கு 10 செ.மீ. சேர்த்தால், 10.05 மீட்டர் ரோலில் 4 பட்டை வரும் என்றே எழுதிவைத்திருந்தோம். 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வரும் டிசைனைப் பொருத்த, நான்கு முறை என ஒரு பட்டைக்கு 2.56 மீட்டர் போகும், நாலாவதுக்கு 19 செ.மீ. குறையும். மூன்றுதான் வரும். பட்டியல் மாற்றியாயிற்று.

இனி ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு துண்டு வெட்டுவோம். இரண்டு கட்டிடத்தில் வைப்போம். பென்சிலால்தான் எழுதுவோம். இன்றைய நீலத்தின் துண்டு உங்கள் பெட்டிக்கு வருகிறது, அண்ணா. பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.